நான் வாய்விட்டுச் சொன்ன நம்பர்

கம்பெனி என்னை இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊருக்குத் தனியாக அனுப்பியிருந்தது. அங்கே வாயே திறக்காமல் வாழலாம். பஸ்ஸோ காபிக்கடையோ, கிரெடிட் கார்டை மெஷின்மேல் காட்டினால் போதும், ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். எனக்கு யாராவது பதில் சொன்னார்கள் என்றால் அது அந்தச் சத்தம்தான். கேட்டுக் கேட்டு எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் தயிரும் எடுத்துக்கொண்டு கார்டைக் காட்டினேன். சத்தம் வரவில்லை. மெஷின் பின் நம்பர் கேட்டது. கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அந்த நான்கு எண்களையும் உரக்கச் சொல்லிவிட்டேன்.

அம்பத்தூரில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் அப்படித்தான் வழக்கம். மெஷினின் ஒயர் வெளியே எட்டாது. கடைக்காரர் உள்ளேயிருந்தே, “பின்னு இன்னா சார், அதேதானே? மாத்தலியே?” என்று கத்துவார். பக்கத்தில் மாத்திரை வாங்க நிற்பவர்களுக்கும் என் நம்பர் மனப்பாடம்.

இந்தப் பெண்ணோ பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெஷினை என் பக்கம் தள்ளினாள். நானே அழுத்தினேன். ரசீதைத் தரும்போது, “கவலைப்படாதீர்கள், எனக்கு எதுவுமே கேட்கவில்லை” என்று ஆங்கிலத்தில் கனிவாகச் சொன்னாள்.

அந்த ஊருக்குப் போனதிலிருந்து என்னைப் பற்றி நான் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லையாம்.