ஒத்திகை நோயாளி

சுகாதார அலுவலகத்துப் பியூனை அந்தத் தெருவே 'நோயாளி' என்றுதான் கூப்பிட்டது. மனிதருக்கு இரும்பு உடம்பு. மருந்துக்குக்கூட ஒரு தலைவலி வந்ததில்லை. பெயர் வந்த வழி வேறு. ஊரை விட்டு ஒழிந்த தட்டம்மை என்றாவது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று பார்க்க வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். அதில் பதினோரு வருடமாக நோயாளி வேஷம் இவருக்குத்தான்.

நர்ஸம்மா சிவப்பு மையால் முகத்தில் புள்ளி வைப்பார். இவர் முனகிக்கொண்டே வருவார். அந்த முனகலைக் கேட்டுப் பெரிய அதிகாரி ஒருவர் நிஜமாகவே மிரண்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் பங்குதான் சிரிப்பாய்ச் சிரித்தது. தெர்மாமீட்டரை உறையிலிருந்து எடுக்காமலே நூற்று மூன்று என்று எழுதுவார்கள். தனி அறையைத் திறந்ததாகவும் எழுதுவார்கள். அதற்குள் உடைந்த நாற்காலிகள் கூரைவரை குடியிருந்தன. பாடத்தைக் கருத்தாகப் படித்தது நோயாளி ஒருவர்தான்.

பன்னிரண்டாம் வருடம், ஒத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்குத்தான் மகளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. மனைவி அங்கே துணைக்கு இருந்தாள். இருமலோடு எதற்கு என்று இவர் பேத்தியைப் பார்க்கப் போகவில்லை. நாலாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் முகமெல்லாம் சிவப்புப் புள்ளி. மறுநாள் மகள் குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். பச்சை மண் அது, தாங்காது.

முகமூடி கட்டிக்கொண்டு, பஸ் ஏறாமல் நடந்தே அலுவலகத்துக்குப் போய், விதிப்படி உள்ளே நுழையாமல் வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நர்ஸம்மா ஜன்னல் வழியே பார்த்து, நெற்றிப் புள்ளியெல்லாம் பிரமாதம், ஆனால் ஒத்திகை அடுத்த வாரம்தான், வீட்டுக்குப் போங்கள் என்றார். டாக்டர் எட்டிப் பார்த்து, இருமல் கொஞ்சம் தூக்கல், குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவிக்குப் போன் போட்டால், தொட்டில் கட்டாமல் தப்பிக்கப் பார்க்கிறார் என்று வைதாள். பதினோரு வருடம் நன்றாக நடித்த பாவம், இன்றைக்கு நம்ப ஓர் ஆளில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சிஸ்டர், நீங்க என்னைக்காவது என் காதுக்குப் பின்னால மை வெச்சிருக்கீங்களா? வந்து பாருங்க. தட்டம்மை அங்கதான் ஆரம்பிக்கும்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு."

நர்ஸம்மா வந்தார். காது மடலை மடக்கிப் பார்த்தார். பஞ்சால் துடைத்தார். போகவில்லை. முதன்முறையாகத் தெர்மாமீட்டர் உறையை விட்டு வெளியே வந்தது. சொல்லிவைத்தாற்போல் நூற்று மூன்று.

அப்புறம் ஒரே அமளி. டாக்டரே நாற்காலிகளைச் சுமந்து வெளியே போட்டார். மாலைக்குள் தெருத்தெருவாக ஊசி போடக் கிளம்பினார்கள். நோயாளி தனி அறைக் கட்டிலில் படுத்தபடியே, முகமூடி மூக்கை மூடவில்லை என்று டாக்டரைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பேர்போன முனகல் மட்டும் வரவே இல்லை.

பத்து நாள் கழித்து, பூரண குணம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். மனைவி அதை வாங்கிப் படிக்கவே இல்லை.

"உங்க டாக்டர் சீட்டை நீங்களே வெச்சுக்குங்க. காதைக் காட்டுங்க."

அவர் குனிந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் பேத்தியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.