உறுதி பார்த்து வாங்கிய வீடு

போன கிழமை கனடாவிலிருக்கும் என் பெறாமகன் ஒரு வீட்டின் படங்களைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தான். கிளிநொச்சிப் பக்கம் விலைக்கு வந்திருக்கிறதாம். முன்பக்கம், பின்பக்கம், குளியலறை மாபிள், கேற்றடியில் பூச்சாடி என்று ஒன்றையும் விடவில்லை. கூரைக்கு மேலே ஏறி நின்று வானத்தைக்கூட எடுத்திருந்தார்கள். பெறாமகன் கேட்ட கேள்விகள் மூன்று: கண்டி வீதிக்கு எத்தனை நிமிஷம், இன்டர்நெற் வருமா, சனம் எப்படி. “சித்தப்பா, உங்களுக்கு வன்னி தெரியுந்தானே, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்று கடைசியில் ஒரு கும்பிடும் போட்டிருந்தான்.

வன்னி எனக்குத் தெரியும்தான். எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொன்னால் அவன் இனி என்னிடம் ஆலோசனையே கேட்கமாட்டான். ஆகவே அவனுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

படத்தில் சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. தொலைபேசியில் மணம் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஈரச் சுண்ணாம்பு மணந்தது.

அறுபதுகளின் தொடக்கம். வன்னியில் கண்டாவளை என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். கலியாணம் முடித்து ஐந்து மாதம். நானும் தவமணியும் ஒரு கடைக்குப் பின்னால் அரை அறையில் குடியிருந்தோம். மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் கருவாட்டுச் சாக்கும் எங்களுக்கு முன்பே அங்கே குடிவந்தவை. ஒரு நாள் தவமணி தன் கூறைச்சேலையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இஞ்சேருங்கோ, என்ர சீதனத்தை விப்பம். எனக்கொரு வீடு வேணும்” என்றாள். கூறையில் கருவாடு மணந்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

அவளுடைய சீதனம் யாழ்ப்பாணத்தில் எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம். எங்கள் வழக்கத்தில் சீதனம் பெண்ணுக்குத்தான் சொந்தம். புருஷன் பக்கத்தில் நின்று கையெழுத்து வைக்கலாம், நாலு பேருக்குப் பெருமை பேசலாம், அவ்வளவுதான். அதை விற்று வாங்குகிற வீடு பழுதாய்ப் போனால் தவமணிக்கு உலகத்தில் தன்னுடையது என்று சொல்ல ஒரு முழ நிலமும் மிஞ்சாது. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், எல்லாரையும்விட அவளுடைய தகப்பனாருக்குத் தெரியும். ஆகவே வீடு பார்க்கும் பொறுப்பை மாமா தன் தலையில் போட்டுக்கொண்டார்.

மாமா ஒரு காணிக் கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். நாட்டிலுள்ள அத்தனை காணியும் அவருக்கு அத்துபடி, கடுதாசியில். இப்போது துணிந்து இப்படி எழுதுகிறேன். அப்போது அவர் முன்னால் நான் கதிரையில்கூட இருக்கமாட்டேன்.

ஆவணி மாதம் ரயில் கோச்சியில் வந்து இறங்கினார். கையில் குடை, தோற்பை, பைக்குள் பஞ்சாங்கமும் ஒரு திசைகாட்டியும். வீட்டுக்காரர் பென்சன் எடுத்துக்கொண்டு ஊரோடு போக இருந்த ஒரு உத்தியோகத்தர். இரண்டு அறை, விறாந்தை, சமையலுக்குத் தனியாக ஒரு குசினி. மாமா அதைப் பார்த்த விதத்தை வீடு வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு நேரெதிராகச் செய்தால் போதும்.

முதலில் உறுதி. விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, காணி உறுதிப் பத்திரத்தை மூன்று தலைமுறை பின்னுக்குப் போய் வாசித்தார். “பெர்மிற் காணியெண்டால் அரசாங்கத்தின்ர, விக்கேலாது மருமோன். இது உறுதிக்காணி. ஆரும் அசைக்கேலாது.” அடுத்தது கிணறு. ஒரு கை அள்ளிக் கொப்பளித்து, அண்ணாந்து யோசித்து, துப்பினார். “நல்ல தண்ணி.” பிறகு திசைகாட்டியை வைத்துக் கிணறு வடகிழக்கில் நிற்கிறதா, குசினி தென்கிழக்கில் நிற்கிறதா என்று பார்த்தார். இரண்டும் ஒழுங்காக நின்றன.

வீட்டுச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. இடுப்பளவுக்கு மட்டும். அதற்கு மேலே பழைய வெள்ளை மஞ்சள் பாரித்து அப்படியே கிடந்தது. அடித்தவன் ஏன் பாதியில் நிறுத்தினான் என்று கணக்குப் படிப்பிக்கிற நான் கேட்டிருக்க வேண்டாமா? மாமா சுவரைத் தடவி விரலை முகர்ந்தார். “விக்கப்போற வீட்டுக்கும் வெள்ளை அடிச்சு வைச்சிருக்கிறார். சுத்தமான மனிசன்.” நானும் ஓம் என்று தலையாட்டினேன். வீட்டைச் சுற்றிய வளவின் மூலையில் நின்ற மருதமரத்தின் கிளைக்கவரில், என் நெஞ்சு உயரத்தில், காய்ந்த வைக்கோலும் சருகும் சுற்றிக் கிடந்தன. “இதென்ன மாமா?” என்றேன். “காகம் கூடு கட்டியிருக்கு” என்றார். அவ்வளவு தாழ்வாகக் கூடு கட்டும் காகத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் காணவில்லை.

பக்கத்து வளவில் ஓலைக்கூரை போட்ட ஒரு மண் வீடு. வீடு சின்னது, ஆனால் அது நின்ற மண்மேடு ஆளுயரம். ஆறு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கொட்டிலுக்கு உந்த எடுப்புத் தேவையே?” பிறகு, இத்தனை மைல் அவர் கேட்பதற்கென்றே காவிக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டார்: “அயல் ஆர் ஆக்கள்?”

வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். மாமாவின் முகம் ஒரு கணம் புளித்தது. “சரி, பரவாயில்லை. வேலியை இறுக்கி அடைச்சால் காணும்” என்றார்.

வன்னியில் பிறந்தவர்களுக்கு வேலி என்றால் மாடு பயிரில் வாய் வைக்காமல் இருக்க. யாழ்ப்பாணத்தார் எங்களுக்கு அப்படி இல்லை. மாடு தாண்டினால் சகித்துக்கொள்வோம், பார்வை தாண்டக் கூடாது. ஊர்விட்டு ஊர் வந்தாலும் நாங்கள் முதலில் இறக்குகிற சாமான் வேலிதான்.

வளவின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு பள்ளம் ஓடி, அயல் வளவுக்குள் இறங்கி, ஆற்றுப் பக்கமாகப் போனது. அயல் வீட்டார் அந்தப் பள்ளத்தால் நடந்துதான் றோட்டுக்குப் போய்வந்தார்கள். மாமாவுக்கு அது கண்ணில் குத்தியது. “உறுதியிலை பாதையெண்டு ஒண்டுமில்லை” என்று சொல்லிக் கூலிக்கு ஆள் பிடித்தார். பள்ளத்துக்குக் குறுக்கே இடுப்புயரத்துக்கு மண் அணை போட்டு, அணைக்கு மேல் கதியால் நட்டு, கிடுகு வரிந்து கட்டுவித்தார். வேலை நடக்கும்போது அயல் வீட்டு நாகம்மா குடத்தோடு வந்து அந்தப் பக்கம் நின்றா. நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம். “ஐயா, உந்தப் பள்ளத்தை…” என்று தொடங்கினா. மாமா அவவின் பக்கம் திரும்பவில்லை. கூலிக்காரனைப் பார்த்து, “இன்னும் ஒரு வரி உயத்திக் கட்டு” என்றார். நான் அங்கேதான் நின்றேன். என் சட்டைப் பொத்தானில் அப்போது ஏதோ அவசரமான அலுவல் இருந்தது.

பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். தவமணி ஒரு முருங்கைக் கொப்பு நட்டாள், தேசிக் கன்று வைத்தாள், பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து தன் வளவைத் தானே பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாகம்மா இருமுவது இங்கே கேட்கும். இங்கே தேங்காய் துருவுவது அங்கே கேட்கும். பேச்சுமட்டும் இல்லை.

கார்த்திகை பிறந்தது. விளக்கீட்டுக்கு வந்த மாமா மழையில் அகப்பட்டுக்கொண்டார். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை சைக்கிளில் ஒருவன், “இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தாச்சு!” என்று கத்திக்கொண்டே போனான். மாமா அவனை எட்டிப் பார்த்துவிட்டு, “வன்னிச் சனம் எல்லாத்துக்கும் பதறும்” என்றார். அவர் கோப்பித் தண்ணி குடித்து முடிக்கவில்லை, றோட்டுப் பக்கத்தால் தண்ணீர் வளவுக்குள் வந்துவிட்டது.

பள்ளத்தால் வந்து பள்ளத்தால் போக வேண்டிய தண்ணீர். அது மாமாவின் அணையில் முட்டித் திரும்பி விறாந்தையில் ஏறியது. முழங்கால், பிறகு தொடை. பழைய வெள்ளத்தின் கறையை மறைக்கத்தான் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு. அந்தச் சுத்தமான மனிசனின் மற்ற இரகசியமும் அப்போதுதான் வெளியே வந்தது. சுவர் சுடாத கல்லில் கட்டியது. சுண்ணாம்பு உரிந்து, உள்ளேயிருந்த களி கரைந்து, தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிவிட்டது. எங்கள் கண் முன்னால் குசினிச் சுவர் சரிந்து உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

மாமா மேசைக்கு மேல் ஏறி, உறுதியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு கரைந்துகொண்டிருந்தது, ஆனால் அவர் கையில் அது பத்திரமாக இருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து நாகம்மாவின் குரல் வந்தது. “வாத்தியார்! அணையை வெட்டுங்கோ! வெட்டாட்டி வீடு நிக்காது!”

“வெட்டாதை!” என்று மேசையிலிருந்து மாமா கத்தினார். “அது எங்கட எல்லை! ஒருக்கால் விட்டால் பேந்து பாதையெண்டு வழக்கு வைப்பினம்!”

நான் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு குரலுக்கும் நடுவில் நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. தவமணிதான் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைப் பிடித்தாள்.

“இது என்ர வீடு ஐயா. நீங்கள் உறுதியைப் பிடியுங்கோ” என்றாள்.

தகப்பனாருக்கு அவள் எதிர்த்துச் சொன்ன முதல் கதை அது. சேலையை வரிந்துகொண்டு இறங்கி நடந்தாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய் மண்வெட்டியை வாங்கி வெட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து நாகம்மாவும் அவவின் புருஷனும் மகனும் ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டைக் காப்பாற்ற எங்களுக்கு முன்பே அவர்கள் தொடங்கிவிட்டார்கள் என்பதை நான் அப்போதுதான் கண்டேன். அணை உடைந்தது. கிடுகு, கதியால், என் செருப்பு எல்லாம் அள்ளுப்பட்டுப் போயின. ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. குசினி போனது, இரண்டு அறையும் நின்றன. தவமணி சேற்றில் அப்படியே இருந்து விம்மி விம்மி அழுதாள்.

சுவர்கள் ஊறியிருந்ததால் உள்ளே இருக்கக் கூடாது என்று நாகம்மாவின் புருஷன் வந்து சொன்னார். மேசையடியில் முதுகைக் காட்டிக் குனிந்து, “ஏறுங்கோ ஐயா” என்றார். மாமா இடமும் வலமும் பார்த்தார். அந்த வெள்ளத்தில் யாழ்ப்பாணத்தார் யார் நின்று பார்க்கப் போகிறார்கள்! ஏறினார். உறுதி அப்போதும் தலைக்கு மேலே. ஆறு படியும் அவர் கால் படாமலே ஏறியாயிற்று. உள்ளே வரமாட்டேன் என்று தாழ்வாரத்தில் குந்தினார். சோறு வேண்டாம், பசியில்லை என்றார். இரண்டு மணிக்குப் பசி வந்தது. மூன்றாம் தரம் சொதி கேட்டு வாங்கியதை நான் பார்க்காததுபோலப் பார்த்தேன்.

தவமணி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். “அக்கா, தண்ணி வருமெண்டு தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லேல்லை?”

“சொல்ல வந்தனான் பிள்ளை. வேலியை உயத்திப்போட்டியள்” என்றா நாகம்மா. கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாயிருந்திருக்கும்.

ஒரு மாதம் தவமணி அந்த வீட்டு அடுப்பில்தான் சமைத்தாள். மாமா ஊருக்குப் போய், “நான்தான் உடன வெட்டச் சொன்னனான். அது கணக்கு வாத்திக்கு விளங்கேல்லை” என்று சொல்லித் திரிந்தாராம். வீட்டை விற்றுவிட்டு வா என்று மகளுக்குக் கடிதம் எழுதினார். அவள் மறுத்து எழுதினாள். பள்ளத்தை அதற்குப் பிறகு நாங்கள் அடைக்கவில்லை. நாகம்மாக்காவின் பேச்சைக் கேட்டு மேடு போட்டுக் குசினி கட்டினோம்.

பிறகு ஊரில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது காணி பார்க்க வந்தால் தவமணி அவர்களை நாகம்மாக்காவிடம் கூட்டிக்கொண்டு போவாள். அவ வளவுக்குள் இறங்கி, அங்குமிங்கும் நடந்து, ஓரிடத்தில் நின்று தன் உடம்பைத் தொட்டுக் காட்டுவா. “இஞ்சை முழங்கால். அதிலை இடுப்பு. உதிலை வராது, பயமில்லாமல் கட்டுங்கோ.” நிலம் அளக்க வந்த சேவையர் சங்கிலி பிடித்து அளந்தது பிழைத்திருக்கிறது. நாகம்மாக்காவின் இடுப்பு ஒரு மாரியிலும் பிழைத்ததில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தோம். அதற்குப் பிறகு சண்டையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒரே றோட்டால் ஓடினோம், ஒரு தரமல்ல. தவமணி வவுனியாவில் ஒரு வாடகை வீட்டில் கண்ணை மூடினாள்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. பள்ளத்தைக் கிரவல் கொட்டி நிரப்பியிருந்தார்கள். பக்கத்து மேட்டையும் தட்டிச் சமப்படுத்தியாயிற்று. தவமணியின் வளவு இப்போது என்னுடையதுதான், கையில் கடுதாசி இருக்கிறது. நாகம்மாக்கா வீட்டாரிடம் ஒரு கடுதாசியும் இருந்ததில்லை. தண்ணீர் எங்கே வரும் என்று அறிந்தவர்கள் கடுதாசி எதற்கு என்று இருந்துவிட்டார்கள். அவர்களுக்காகச் சாட்சி சொல்லலாம், பிள்ளைகளையாவது தேடிப் பிடிக்கலாம் என்று கந்தோருக்குப் போனேன். இளம் பிள்ளை ஒன்று இருந்தது, மரியாதையான பிள்ளை.

“முழுப்பேர் சொல்லுங்கோ ஐயா.”

“நாகம்மா.”

“தகப்பன்ர பேர்? இல்லாட்டிப் புருஷன்ர பேர்?”

அந்த மனிதரை நான் எப்போதும் அண்ணை என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இருபது வருஷம் அந்த வீட்டில் சோறு தின்றிருக்கிறேன்.

“பேர் இல்லாமல் என்னெண்டு ஐயா தேடுறது?” என்றது பிள்ளை. ஞாயமான கேள்வி.

தவமணிக்குத் தெரியும். நான் அவளிடம் கேட்டு வைத்திருக்கவில்லை.