தம்பியின் நிரந்தர முகவரி

தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பதின்மூன்று வயது இளையவர், என் தோளில் வளர்ந்தவர். உயிரோடு இருந்தவரை நான் அவரை 'அவன்' என்றுதான் சொன்னேன். இன்று 'அவர்' என்று எழுதக் கை தயங்குகிறது. பழக்கமில்லாதது மட்டும் காரணமல்ல. அந்த இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் பிறந்தோம். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தம்பி எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். நான் அப்போது பள்ளி ஆசிரியர். தம்பியும் ஆசிரியராவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பிளஸ் டூ முடித்த கையோடு காவலர் தேர்வு எழுதி, தேர்வான பிறகுதான் வீட்டில் சொன்னார்.

"லத்தி தூக்கவாடா உன்னையப் படிக்க வச்சேன்?" என்றேன்.

"நீங்க பெரம்பு தூக்கலையாண்ணே?" என்றார்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று, எழுதத் தெரியாமல் நிலையத்துக்கு வருபவர்களுக்குப் புகார் மனு எழுதிக் கொடுக்க. இன்னொன்று திருவிழாக் காலத்துக்கு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், கூட்டத்துக்குள் நுழையும் குழந்தைகளை நிறுத்தி, அவர்கள் உள்ளங்கையில் பெற்றோரின் செல்பேசி எண்ணை எழுதிவிடுவார். இதையெல்லாம் அவர் போன பிறகு, துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

இராமநாதபுரம் பக்கம் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, தலைமைக் காவலராக மதுரைக்கு மாற்றலாகி வந்தார். காவலர் குடியிருப்பில் இடம் காலியில்லை. மனைவியையும் மகளையும் வைத்துக்கொண்டு ஆரப்பாளையம் முழுக்க வீடு தேடினார். நம் ஊரில் வீட்டுக்காரர்கள் போலீசுக்கும் வக்கீலுக்கும் வீடு விடத் தயங்குவது எல்லோரும் அறிந்ததே. 'என்ன வேலை பாக்குறீக?' என்ற கேள்வியோடு ஒவ்வொரு கதவும் மூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். வாசல் கேட்டில் 'மாடி வாடகைக்கு' என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மாடி சும்மாத்தானே கெடக்கு?"

"ஒரு பேங்க் ஆபீசருக்கு வாக்குக் குடுத்துட்டேன்டா. பலகையத்தான் இன்னும் எறக்கல."

அப்படி ஒரு வங்கி அதிகாரி இல்லவே இல்லை. தெருவில் என்னைத் தலைமையாசிரியர் என்று மதித்தார்கள். என் மாடிக் கொடியில் காக்கிச் சட்டை காய்வதை, வழக்கு வம்பு என்று வாசலில் ஆட்கள் நிற்பதை நான் விரும்பவில்லை. காரணம் அவ்வளவுதான். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

தம்பி ஒரு நிமிடம் அந்தப் பலகையைப் பார்த்தார். "அதுக்கென்னண்ணே. வக்கீலுக்கு மட்டும் குடுத்துறாதீக. அப்பறம் எங்காளுக சண்டைக்கு வந்துருவாங்க" என்று சிரித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பொய்யைக் காப்பாற்ற அன்றே பலகையைக் கழற்றினேன். மாடி ஐந்து மாதம் பூட்டியே கிடந்தது. தம்பி பணிக்குப் போகும் வழியில் அதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் என் மனைவியிடம், "மதினி, பேங்க்காரரு இன்னும் வரலையா?" என்று மட்டும் கேட்டாராம். மனைவி தலை குனிந்து நின்றதாகச் சொன்னாள்.

கோரிப்பாளையத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளைக் கொடுத்தார். "போலீசுக்குப் பயந்தா ஜங்சன்ல கடை நடத்த முடியுமா? சாமான ஏத்துங்க சார்" என்றாராம். தம்பி கடைசிவரை அங்கேதான் இருந்தார். எங்கள் அம்மாவும் தமது கடைசி இரண்டு ஆண்டுகளை அந்த இரண்டு அறை வீட்டில்தான் கழித்தார். மாடி வீட்டில் அல்ல.

சென்ற ஆண்டு வைகையில் வெள்ளம் வந்த மாலை, தரைப்பாலத்தில் ஒரு காய்கறி வண்டி சிக்கிக்கொண்டது. சிறப்பு உதவி ஆய்வாளராகப் பணியில் இருந்த தம்பி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். ஓட்டுநரைக் கரை சேர்த்தார். இரண்டாம் முறை போய், வண்டியில் இருந்த வியாபாரப் பெண்ணிடம் சேர்ந்தபோது நீர் ஏறிவிட்டது. தன் கயிற்றை அவிழ்த்து அந்த அம்மாள் இடுப்பில் கட்டி, "இழுங்கடா" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். கயிறு திரும்பி வருவதற்குள் வண்டி புரண்டுவிட்டது. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன.

சில மாதங்கள் கழித்து மாநகராட்சியிலிருந்து ஓர் அலுவலர் என்னைத் தேடி வந்தார். தம்பியின் பெயரை ஒரு தெருவுக்குச் சூட்டுகிறார்கள் என்றும், குடும்பத்தாரின் சம்மதமும் தெருக்காரர்களின் கையெழுத்தும் வேண்டும் என்றும் சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டேன்.

"இதே தெருதான் சார். பணிப் பதிவேட்டுல நிரந்தர முகவரி இந்த வீடுதானே?"

காகிதத்தைக் காட்டினார். என் கதவு எண், என் தெரு. அதில் கையெழுத்திட எனக்குத் துணிவு வரவில்லை. கோரிப்பாளையத்துக்குப் போனேன். தம்பி மனைவியிடம் பதிவேட்டு முகவரியைச் சொல்லி, பேங்க்காரர் பொய்யையும் முழுவதும் சொன்னேன். பெயரை அவர்கள் குடியிருக்கும் கோரிப்பாளையம் தெருவுக்கே மாற்றச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

"பேங்க்காரரு கதை எங்களுக்கு அப்பவே தெரியும் மாமா," என்றார். "அந்தப் பதிவேட்டுக்குப் பாரம் நெரப்புனது நாந்தான். மாடி இல்லேன்னு சொல்லி அனுப்புனீகள்ல, அதுக்கு அடுத்த வாரம். நிரந்தர முகவரிக்கு என்ன போடன்னு கேட்டேன். 'அண்ணன் வீட்டப் போடு. வாடகை வீடு மாறும், அண்ணன் மாறுவாரா'ன்னாரு."

மாடிச் சாவியை அவர் முன் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"வேணாம் மாமா. இங்கனயே பழகிப்போச்சு. ஆனா பேரு ஒங்க தெருவுலயே இருக்கட்டும். நீங்க தெனம் பாருங்க."

அது மன்னிப்பா தண்டனையா என்று நான் கேட்கவில்லை.

தெருக்காரர்கள் கூடியபோது எதிர்வீட்டுக்காரர் தயங்கினார். "பேரு வைக்க வேணாங்கல சார். போலீஸ் தெருன்னா குடிவர்றவுக யோசிப்பாகளே." அவர் சொன்னது என் சொந்தக் குரலாகவே கேட்டது. எழுந்து, என் தம்பிக்கே நான் மாடியைத் தராததை எல்லோர் முன்னும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்தான் முதலில், "பேனாவக் குடுங்க சார்" என்று கை நீட்டினார்.

சென்ற மாதம் தெருமுனையில் பலகை நட்டார்கள். தம்பி மகள் திரையை விலக்கினாள். காலையில் பால் வாங்கப் போகும்போதும் வரும்போதும் அதைப் படிக்கிறேன்.

இரண்டு நாள் ஆற்றில் இறங்கித் தேடி தம்பியை எங்களிடம் சேர்த்த தீயணைப்பு வீரர்களுக்கும், உடன் பணியாற்றிய காவலர்களுக்கும், கையெழுத்திட்ட எங்கள் தெருவினருக்கும் குடும்பத்தின் நன்றி. ஆண்டுதோறும் காய்கறிப் பையோடு வருவேன் என்று சொல்லியிருக்கும் அந்த அம்மாளுக்கும் நன்றி. நான் செய்ய வேண்டியதைச் செய்த கோரிப்பாளையம் பாய்க்கு நன்றி என்ற சொல் போதாது. அவரை நேரில் வணங்கினேன்.

வெளியூர் உறவினர்களுக்கு இம்மலர் அஞ்சலில் வரும். உறையின் ஓரத்தில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். கதவு எண் என்னுடையது. அடுத்த வரி தம்பியுடையது.