மூன்று பூட்டு

நம்புவதும் நம்பாதிருப்பதும் படிப்பவர் விருப்பம். நடந்தது நடந்தபடியே இங்கே எழுதப்பட்டிருக்கிறது, நேரங்கள்கூட மாற்றப்படவில்லை. இதில் வரும் நம்பிராஜன் இன்றும் உயிரோடிருக்கிறான். மாலை நான்கு மணிக்கு மேல் தொலைபேசி மணி அடித்தால் மட்டும் எடுப்பதில்லை.

அவன் திருக்குறுங்குடிப் பக்கத்துக்காரன். முப்பத்தொரு வயது. ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நான்காண்டு உழைத்து, அந்த வேலை போனபின், மறுகட்டுமான முகமையில் ஒப்பந்தக் கள ஆய்வாளனாகச் சேர்ந்தான். புயலும் வெள்ளமும் வந்து போனபின், வீடு, சாலை, மின்சாரம் என்று பல துறைகளையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கும் அலுவலகம் அது. ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலின் பின்புறம் அவனுக்கு வாடகை அறை. விடியலில் நீராடி, நெற்றியில் திருமண் இட்டு, பாசுரங்களை வாய்விட்டுச் சொன்ன பிறகே வெளியே இறங்குவான். தான் பொய்யன் என்று அவன் கனவிலும் எண்ணியதில்லை.

அவ்வாண்டுக் கார்த்திகைப் புயலில் சேரப்பணஞ்சேரிக்கு அப்பால் ஓர் ஏரி உடைந்தது. ஏரிக்கீழ்த்தெருவின் நாற்பது வீடுகளும் நீரில் ஊறின. மக்கள் பள்ளிக்கூட முகாமில் தங்கினார்கள். யாருக்குப் புது வீடு என்று கணக்கெடுக்கும் பணி நம்பிராஜனுக்கு வந்தது.

விதி எளியது. அறிவித்த நாளில் வீட்டுக்காரர் தம் வாசலில், வீட்டு எண் எழுதிய சிலேட்டை நெஞ்சோடு அணைத்து நிற்க வேண்டும். ஆய்வாளர் படமெடுப்பார். படம் இருந்தால் பெயர் பட்டியலில் ஏறும். ஆள் இல்லையென்றால் இன்னும் இரு நாள்கள் போய்ப் பார்க்க வேண்டும். மும்முறையும் பூட்டியிருந்தால் அந்த வீடு பட்டியலிலிருந்து நீங்கும். முகமையில் அதற்கு ‘மூன்று பூட்டு’ என்று பெயர். பூட்டிய வீட்டுக்குப் படம் வேண்டியதில்லை. பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

அந்தச் சலுகை வழியாகத்தான் பாவம் நுழைந்தது.

டிசம்பர் ஆறு, எட்டு, பத்து என்று மூன்று நாள்களையும் முகாமில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்திருந்தார்கள். ஆறாம் தேதி முப்பத்தொன்பது வீடுகள் முடிந்தன. இருபத்துமூன்றாம் எண் வீடு மட்டும் ஓடைக்கு அக்கரையில், தனியே நின்றது. ஓடையில் முழங்கால் ஆழத்துக்குக் கலங்கல் நீர். மழை வேறு. நம்பிராஜன் இக்கரையில் நின்று பார்த்தான். கதவு மூடியிருந்தது. மழைக்குச் சாத்தியிருக்கலாம் என்று அழைத்துக்கூடப் பார்க்காமல் ‘பூட்டு’ என்று எழுதினான்.

எட்டாம் தேதி அவன் ஓடைவரைகூடப் போகவில்லை. கூட்டுரோட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்து எழுதினான். பத்தாம் தேதியும் அதே கடை. ‘மாலை 4:10. வீடு பூட்டப்பட்டுள்ளது. உள்ளே ஆள் இல்லை.’ கையெழுத்து.

பதினொன்றாம் தேதி அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. கணினி இயக்கும் ரத்னா எடுத்தாள்.

“சார், உனக்குத்தான். இருபத்துமூணாம் நம்பர் வூட்டம்மாவாம்.”

“நான் வெளிய போயிருக்கேன்னு சொல்லிருங்க.”

“நீயே சொல்லு. நான் இன்னா, உனக்குப் பொய் சொல்ற மிஷினா?”

வாங்கினான்.

“சார்... நான் சந்திரம்மாள். சிலேட்டப் புடிச்சுகினு வாசல்லயே நிக்கிறேன். எப்போ வருவே?”

“வந்தேனேம்மா. மூணு தடவ வந்தேன். பூட்டிக் கெடந்துச்சு.”

மறுமுனையில் நீர் சொட்டும் ஓசை. டப்... டப்...

“எப்போ வந்தே?”

“நேத்து. நாலு பத்துக்கு.”

டப்... டப்...

“நேத்து நான் வூட்லதானே இருந்தேன், சார்.”

இணைப்பு அறுந்தது. அவன் கண் சுவர்க் கடிகாரத்துக்குச் சென்றது. மணி 4:10.

மறுநாள் முகாமுக்குப் போய் விசாரித்தான். சந்திரம்மாள் கைம்பெண். தொழிற்சாலை உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுபவள். பிள்ளைகள் இல்லை. “அது அஞ்சாந்தேதியே முகாம வுட்டுப் பூட்ச்சு சார். வாலாஜாபாத்ல அக்கா வூடு கீது, அங்கதான் போயிருக்கும்,” என்றாள் ஒருத்தி. நம்பிராஜன் பெருமூச்சு விட்டான். அப்படியானால் அவள் அங்கிருந்து திரும்பி வந்து, பட்டியலில் பெயர் இல்லை என்று கேட்கிறாள். கேட்கட்டும்; மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது.

அன்று மாலை 4:10. மணி ஒலித்தது.

பதின்மூன்று. பதினான்கு. விடுமுறை நாள் என்று காவலாளி பூட்டிவிட்டுப் போன அலுவலகத்திலும் அந்த நேரத்தில் மணி அடித்ததாக அடுத்த கட்டிடத்துக்காரர் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒரே குரல். கோபம் கிடையாது. அழுகை கிடையாது. “நிக்கிறேன் சார். எப்போ வருவே?” பின்னால் நீர் சொட்டும். டப்... டப்...

விடியலில் பாசுரம் சொல்ல வாய் திறப்பான். இரண்டாம் அடியில் நாக்கு நின்றுவிடும். ஆறு வயதில் தந்தை மடியில் கற்றவை, நாவில் ஊறியவை, அடி மறந்து நின்றன. கோயிலுக்குப் போனால் திருவடிகளுக்கு மேலே அவன் பார்வை ஏற மறுத்தது.

பதினேழாம் தேதி. மாலை ஆறு மணிக்குப் பட்டியல் மூடப்படும். மூடியபின் யார் நினைத்தாலும் திறக்க முடியாது. அன்று ஒரு புதுப் படத்தை ஏற்றினால் சந்திரம்மாளுக்கு வீடு உண்டு. ஆனால் ஏன் முன்பே எடுக்கவில்லை என்ற கேள்வி வரும். மூன்று பூட்டும் பொய் என்று ஒப்ப வேண்டும். வேலை அன்றே போகும்.

4:10. மணி அடித்தது. ரத்னா எடுக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எடுத்தான்.

“சார்...”

“வாறேம்மா. இப்பமே வாறேன்.”

5:05. ஓடையின் இக்கரையில் வண்டியை நிறுத்தினான். தூறல். வானம் சாம்பல் பூத்திருந்தது. தெரு முழுதும் ஆளரவம் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

அக்கரையில், இருபத்துமூன்றாம் எண் வாசலில், அவள் நின்றிருந்தாள்.

நெஞ்சில் சிலேட்டு. அதில் சுண்ணாம்பு வெண்மையில் 23. நீலப் புடைவை. புடைவை மார்புவரை நனைந்திருந்தது. வெள்ளம் வடிந்து எத்தனையோ நாள் ஆயிற்றே... சுவரில் நீர் ஏறிய கறை எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரம்வரை ஈரம்.

அவன் கைபேசியை உயர்த்தினான். இங்கிருந்தே எடுத்துவிடலாம். எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

அவள் அசையவில்லை. காத்திருந்தாள்.

கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். செருப்பைக் கழற்றினான். ஓடையில் இறங்கினான். நீர் முழங்காலைத் தொட்டது, எலும்புவரை குளிர்ந்தது. வழுக்கும் கல் ஒன்றைப் பார்த்துக் கால் வைக்க, ஒரு கணம் குனிந்தான். நிமிர்ந்தான்.

வாசலில் யாரும் இல்லை.

கதவு மூடியிருந்தது.

கரையேறினான். “அம்மா...”

“உள்ள வா சார். தொறந்துதான் கீது.”

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து. மிக அருகில்.

அப்போதுதான் கண்டான். கதவில் பூட்டு இல்லை. பூட்டு மாட்டும் கொண்டியே இல்லை. பழைய வெள்ளத்தில் எப்போதோ பிடுங்கிப் போயிருந்தது. ஆணித் துளைகள் துருவேறிக் கிடந்தன. இந்தக் கதவை யாரும் ஒருநாளும் பூட்டியிருக்க முடியாது.

தள்ளினான். கிறீச்... என்று திறந்தது.

இருட்டு.

டப்... டப்...

கூரை ஓட்டிலிருந்து நீர் சொட்டியது.

ஒரு வாடை. மண்ணின் வாடை அன்று.

பின்சுவர் முழுதும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அதன் அடியில் நீலப் புடைவை.

ஒரு கை. கண்ணாடி வளையல். கையருகே சிலேட்டு.

நாராயணா என்று கத்த நினைத்தான். காற்றுத்தான் வந்தது.

முதுகுக்குப் பின்னால், வாசலில்...

“இப்போ எழுதிக்கோ சார்.”

திரும்பினான்.

மழை மட்டும்.

மணி 5:25.

அவன் ஓடையை எப்படிக் கடந்தான், காவல் நிலையத்துக்கு யார் தகவல் சொன்னது, எதுவும் அவனுக்கு நினைவில்லை. 7:20க்கு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். செருப்பில்லாத கால்களிலிருந்து ஓடைச் சேறு தரையில் வடிந்தது. பிரிவுத் தலைவர் கோதண்டம் கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்தார்.

“நம்பி, நான் சொல்றதக் கேளு. ரெஜிஸ்டரத் தொடாதே. மூணு வாட்டி போனே, பூட்டி இருந்துச்சு. மனசு கேக்காம நாலாவது வாட்டியும் போனே, பாடியக் கண்டுபுடிச்சே. நாளைக்கு உன்னத் தலைமேல தூக்கி வெச்சுக்குவாங்க.”

“சார், அந்தக் கதவுல கொண்டியே கெடையாது.”

“யாருக்குத் தெரியும்?”

“அந்தம்மாவுக்குத் தெரியும்.”

ரத்னா எழுந்தாள், பதிவேட்டை எடுத்துவந்து அவன் முன் வைத்தாள்.

“எழுதிடு சார். நானும் கேட்டேன் அந்தக் கொரல,” என்றாள்.

மூன்று வரிகளையும் அடித்தான். ஒவ்வொன்றின் மேலும் ‘நான் போகவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டான். மறுநாள் காலை வேலை போயிற்று. பட்டியல் மூடியது மூடியதுதான்; பதிவேட்டில் மட்டும் அந்த வீட்டின் எதிரே ‘மூன்று பூட்டு’ என்பதை நீக்கி, ‘உரிமையாளர் இறப்பு’ என்று எழுதினார்கள்.

பதினெட்டாம் தேதி காலை 9:40க்குக் காவலர் உச்சிமாகாளி கூப்பிட்டார். அவரும் தெற்கத்திக்காரர்.

“அண்ணாச்சி, வீட்டுப் பக்கம் ஒரு நிமிசம் வாங்க. பகல்தான், பயப்படாதீங்க.”

ஓடைக்கரையில் நின்றபடியே அவர் விவரம் சொன்னார். ஐந்தாம் தேதி அறிவிப்பைக் கேட்டவள், வாசலில் நிற்காவிட்டால் பெயர் விட்டுப்போகும் என்று அஞ்சி, அன்று மாலையே முகாமிலிருந்து தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கைபேசியை முகாமிலேயே மறந்து வைத்திருந்தாள். ஐந்தாம் தேதி முதல் அது மின்னேற்றமின்றி, அங்கே அவள் விட்டுவந்த பைக்குள் அணைந்து கிடந்தது. ஏழாம் தேதி இரவு மழையில் சுவர் சாய்ந்தது. இடுப்புக்குக் கீழே சிக்கிக்கொண்டாள்.

“ஒடனே சாகல, அண்ணாச்சி. டாக்டர் சொல்லுதாரு, பத்தாந்தேதி சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு.”

நம்பிராஜன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கூப்பிடு தூரம். பத்தாம் தேதி மாலை ஓடையில் இறங்கியிருந்தால், ஒரே ஒரு முறை ‘அம்மா’ என்று அழைத்திருந்தால்...

“இன்னொண்ணு காட்டணும். எனக்கே விளங்கல.”

உடலை எடுத்தபின் வீடு வெறுமையாக இருந்தது. இடியாது நின்ற பக்கச் சுவரில் உச்சிமாகாளி கைவிளக்கை அடித்தார். அடுப்புக்கரியால் எழுதிய எழுத்துகள். ஐந்தாம் வகுப்பு படித்தவளின் கோணல் எழுத்து.

நிற்கும் ஆளின் தோள் உயரத்தில்: 6 வரல.

கீழே, தரைக்கு ஒரு சாண் மேலே, கிடந்தபடி எழுதியது: 8 வரல.

அதன் அருகே, கை நடுங்கிக் கோடு இழுபட: 10 வரல.

விளக்கொளி மீண்டும் மேலேறியது. முதல் வரிக்குச் சற்றுக் கீழே, அதே தோள் உயரத்தில், அதே கோணல் எழுத்தில், நடுக்கமே இல்லாமல் இன்னொரு வரி இருந்தது.

17 வந்தாரு.