கருப்புத் துணிக்கு மஞ்சள்

அங்கம்மாவுக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் புரியாது என்று எங்கள் ஷெட்டில் கேலி செய்வார்கள். ராக்கெட் விஷயம் எனக்கும்தான் புரியவில்லை. நான் தலையாட்டினேன், அவள் வாயைத் திறந்து கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தோம். தொண்ணூற்று நாலில் முதலாளி கோதண்டம், ராக்கெட்டுக்காகக் கண்டுபிடித்த ஒரு செய்முறையை அரசாங்கத்திடம் அனுமதி வாங்கிக் கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று ஒரு துணி. அதைப் பிசினில் தோய்த்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் போர்த்தி, சூளையில் வேகவைத்தால் இரும்பு மாதிரி உறுதியாம், எடை மட்டும் இல்லையாம். போலியோ வந்த பிள்ளைகள் காலில் மாட்டும் காலிபரை இனி இதில் செய்யப்போகிறோம் என்றார்.

"வானத்துல போறது கால்ல இன்னாத்துக்கு சார்?" என்றாள் அங்கம்மா.

அவள் மகள் சொர்ணத்துக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. இரும்புக் காலிபரோடு பட்டாபிராமில் வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் அஞ்சாவது முடித்துவிட்டாள். ஆறாவதுக்குத் தண்டவாளத்தைத் தாண்டிப் போகவேண்டும். அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பாலத்துப் படியேற அவளால் முடியாது. படிப்பு அத்தோடு நின்றுவிடும். அதனால் முதல் காலிபர் சொர்ணத்துக்கு என்றார் கோதண்டம். அங்கம்மாவே செய்தாள்.

மாட்டிவிட்டோம். நாலடி வைத்திருப்பாள், கணுக்காலருகே அடுக்கு விட்டுப்போய், பிள்ளை குப்புற விழுந்தது.

செய்முறை கொடுத்தவர்கள் பக்தவத்சலம் என்ற இன்ஜினியரை அனுப்பினார்கள். பிசினைப் பார்த்தார், சூளையைப் பார்த்தார், குறையொன்றுமில்லை. குழம்பிப்போய்க் காலிபரைப் பிளந்தார். அடுக்குக்கு அடுக்கு, மூலையில் மஞ்சள் கறை.

"இது என்னம்மா?"

"மஞ்சா சார். புதுத்துணியாச்சே."

"ஈரம் பட்டா ஒட்டாதும்மா. யார் வைக்கச் சொன்னது?"

"உங்க ஊட்ல புள்ளைக்குப் புதுத்துணி எடுத்தா மஞ்சா வெக்காமலா போடுவீங்க? இது கருப்பு வேற."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மகள் நன்றாக இருக்கட்டும் என்று வைத்ததுதான் மகளைத் தள்ளிவிட்டது. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"வெச்சா உயுந்துட்டா. வெக்காம உட்டா இன்னா ஆவுமோ" என்று புலம்பிக்கொண்டே இரண்டாவதைச் செய்தாள். மஞ்சள் வைக்கவில்லை. அது விட்டுப்போகவும் இல்லை. ஆனாலும் அவளுக்குப் பயம் தெளியவில்லை.

நானும் பட்டாபிராம்தான். பள்ளி திறந்த அன்று அங்கம்மாவோடும், புதுக் காலிபர் மாட்டிய சொர்ணத்தோடும் சேர்ந்து கிளம்பினேன். அங்கம்மா எப்போதும் முன்னால் நடப்பவள். பின்னால் இரும்பு கிணுகிணுத்துக்கொண்டே வரும், திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அன்று ஸ்டேஷன் கூட்டத்தில் நடந்தவள் திடீரென்று நின்றாள். பின்னால் சத்தமே இல்லை. திரும்பினாள், மகளையும் காணோம்.

"ஐயோ, உயுந்துட்டாளா? சொர்ணம், எங்கடி கீறே?"

"இங்கம்மா. மணி அட்ச்சிருவாங்க, சீக்கிரம் வா."

குரல் தலைக்குமேலே பாலத்திலிருந்து வந்தது. அங்கம்மா அது புரியாமல் கீழே ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.