இரண்டு கட்டங்களில் அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் கடைசிப் பக்கத்திலுள்ள குடும்ப மரத்தில் ஒரு பிழையைக் காண்பார்கள். பிழை என்னுடையது.

அப்பா பள்ளிகொண்டாவுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு ஆம்பூருக்கு வந்து, தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிக்கும் வேலையில் முப்பத்தோரு ஆண்டுகள் நின்றார். எங்கள் மூவரையும் படிக்க வைப்பதற்காக, பெரும்பாலான வாரங்களில் இரண்டு ஷிப்ட் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை; களைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை டயாலிசிஸுக்காக வேலூருக்குப் பேருந்தில் போய்வந்தோம். அந்த நாட்களில், கணினிப் பத்திரிகையோடு வந்த ஒரு சிடியில் குடும்ப மரம் வரையும் மென்பொருள் கிடைத்தது. போகும்போது அப்பா சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன்: பெயர், ஊர், யாருக்கு யார் என்ன உறவு. திரும்பும்போது அவரால் பேச முடியாது. அப்படியே நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் சேர்ந்தன.

அப்பா மணந்தது தம் அக்கா மகளை. அவரை அம்மாவின் தாய்மாமன் என்று ஒருமுறையும், கணவர் என்று இன்னொரு முறையும் பதிந்துவிட்டேன். திரையில் அப்பா இரண்டு கட்டங்களில் வந்து நின்றார்.

“இன்னாமா, ரெண்டு எடத்துல நிக்கிறேன்?”

“அம்மாவுக்கு நீங்க மாமாவும்தான், வீட்டுக்காரரும்தான். இது ரெண்டு ஆளுன்னு நெனச்சுக்கிச்சுப்பா.”

அடுப்படியிலிருந்து அம்மா, “ஒரு மாமாவுக்கு உப்பில்லாம ஆக்கறதே பேஜாரு. இன்னொருத்தரு வேறயா?” என்றார்.

“ரெண்டு ஷிப்ட் பாத்தவன்தானே, இருந்துட்டுப் போறேன். இப்படியே பிரின்ட் எடுத்துக் குடும்மா. வேலூர்ல டயாலிசிஸ் பண்ற பக்கத்து பெட்டுக்காரருக்குக் காட்டணும்.”

“தப்பை சரி பண்ணிட்டுத் தர்றேம்பா.”

பிறகும் இருமுறை கேட்டார். பிழையான தாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திருத்தும் வழியும் தெரியவில்லை. நான்கு மாதங்கள் போயின; அப்பாவும் போய்விட்டார். காரியம் முடிந்தபின் அலுவலகத் தோழி ஒருத்தி வழியைச் சொன்னாள். ஒரு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், என்னால் முடியாத நாட்களில் அப்பாவை அழைத்துப்போன சித்தப்பாவுக்கும், விட்டுப்போன பெயர்களைச் சொல்லியனுப்பிய குடியாத்தம் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன வாரம் பிழையோடு அப்படியே பிரின்ட் எடுத்த தாளோடு வேலூருக்குப் போனேன். பக்கத்து பெட்டுக்காரர் அதே பெட்டில் இருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல எதும்மா உங்கப்பா?” என்றார்.

“ரெண்டும்தாங்க” என்றேன்.