பெருவிரல் பட்ட பக்கம்

வேணியோடு ஏழு வருடமாகச் சண்டை போடுகிறவன் நான். அதனால் அவளைப் பற்றி எழுத எனக்குத்தான் தகுதி. என் பெயர் ஆவுடைநாயகம். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்கமாட்டாமல் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் விவசாய மாத இதழ் நடத்துகிறேன். காகிதத்தில் அல்ல, டேப்லெட்டில் வருகிற இதழ். ஆற்றங்கரை ஊர்களில் பன்னிரண்டு பேர் கையில் எங்கள் டேப்லெட் இருக்கிறது. அக்கம்பக்கத்துக்காரர்கள் அவர்களிடம் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

அதில் படக்காட்சி செய்கிறவள் வேணி. நோய் பிடித்த பயிரின் படம் வரும். விரலால் தள்ளினால் அடுத்த படம். நம் வயலில் இருப்பதுபோல ஒரு படம் கண்ணில் பட்டால் அதைத் தட்டவேண்டும். மருந்தின் பெயரும் அளவும் வரும், வேணியின் குரலே அதை வாசித்தும் சொல்லும். முன்பு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். “மாப்பிள்ளைமாருக்கு மூக்க நேராக்குனது போதும் அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டுதான் என்னிடம் வேலைக்கு வந்தாள்.

வந்த மாதமே சண்டை. ஊர் ஊராகப் போய், ஆட்கள் படத்தை எப்படித் தட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாள். களை பறித்தும் கதிர் அறுத்தும் காய்ப்பேறிய விரலுக்குத் திரை லேசில் அசைந்துகொடுப்பதில்லையாம். நுனிவிரலால் தட்டி அலுத்துப்போய், பெருவிரலைப் படுக்கவைத்து அழுத்துகிறார்களாம். அதனால் தட்டுகிற இடத்தை அப்பளம் அளவுக்குப் பெரிதாக்கினாள். படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஒரு கட்டம் அது. “இனிமே பக்கத்துக்கு ஒரு படம்தான்” என்றாள். பக்கம் கூடி இதழ் கனத்தால் கிராமத்தில் டவுன்லோடு ஆக அரை நாள் ஆகிறதே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு பல வருடம் விட்டுக்கொடுத்தேன். போன மார்கழி இதழில், பக்கத்துக்கு இரண்டு படம் போட்டே ஆகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. போட்டாள்.

இதழ் போன மூன்றாம் நாள், மதியம் இரண்டரை மணிக்கு, முக்கூடலிலிருந்து சுடலைவடிவு வேணிக்குப் போன் பண்ணினாள்; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, ஒற்றை ஆளாகப் பிசானப் போகத்து நெல் வைத்திருந்தாள். கதிர் தலைகாட்டுகிற பருவம். அதை விட்டால் அந்த வருடம் அவளுக்கு வேறு கதி கிடையாது.

“வேணிம்மா, இலை ஓரமெல்லாம் கருகுதுல்லா, அந்தப் படத்தத் தட்டுனேன். மருந்து பேரு வந்துட்டு. கடையில வாங்கிட்டேன். வெயில் தாழ அடிச்சிருவேன்.”

“பொட்டலத்துல தூள் மருந்துதான குடுத்தாக அக்கா?”

“தூளா? இல்லியே, தண்ணி மருந்து. டப்பால்லா குடுத்தான்.”

வேணி எழுந்துவிட்டாள். “அக்கா, அத அடிச்சிராதீக” என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. செல் ஒருமுறை சேற்றில் விழுந்ததிலிருந்து அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் சுடலைவடிவு வயலுக்குப் போவாள்.

நான் மேஜையிலிருந்த டேப்லெட்டை எடுத்து, இலை கருகிய படத்தைத் தட்டினேன். தூள் மருந்தின் பெயர்தான் வந்தது. “சரியாத்தானம்மா இருக்கு” என்றேன். அவள் தன் பெருவிரலைப் படுக்கவைத்து அதே படத்தை அழுத்தினாள். பக்கத்துப் படம் திறந்தது. பார்வைக்கு நெல் இலைபோலவே இருக்கிற வரப்புப் புல்லின் படம். பச்சையாக எது இருந்தாலும் கருக்கிவிடும் களைக்கொல்லியை வேணியின் குரல் அளவு சொல்லி நிதானமாக வாசித்தது. நெருக்கிப் போட்ட இரண்டு படங்களின் தட்டுகிற கட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். பேட்டை தாண்டும் முன்பே மற்ற பதினொரு பேருக்கும் நான் போன் போட ஆரம்பித்தேன். “அந்தப் பக்கத்தத் தொடாதீக” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பதினொரு பேரும் எடுத்தார்கள். எடுக்கவேண்டியவள் மட்டும் எடுக்கவில்லை. ரயில்வே கேட்டைச் சாத்தியிருந்தார்கள். கேட் திறக்கும்வரை வேணி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள். “ரயிலுக்கா ஹாரன் அடிக்கே?” என்று முன்னால் நின்ற லாரிக்காரர் கேட்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். மிஷினில் கோளாறு என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று என் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

வாய்க்கால் கரையில் வண்டியைப் போட்டபோது மணி மூன்றே முக்கால். சுடலைவடிவு முதுகில் மருந்து டேங்கோடு வயலுக்குள் நின்றாள். மேகம் கூடுகிறதென்று முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். வேணி செருப்போடு சேற்றில் இறங்கி ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள்.

“நிறுத்துங்கக்கா! நிறுத்துங்க!”

“ஏ, என்னத்துக்கு இப்படி ஓடி வாரே? பைய வா!”

வேணி டேங்கின் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய்க்காலை ஒட்டி நீளவாக்கில் ஒரே ஒரு பட்டை அடித்து முடிந்திருந்தது. மிச்ச மருந்தைத் தள்ளிக் கொண்டுபோய்க் கருவேலங்காட்டுத் தரிசில் ஊற்றி, டேங்கை அங்கேயே கழுவிக் கழுவி ஊற்றிவிட்டு வந்தோம். அடித்த பட்டை முழுக்க நல்ல தண்ணீரைத் திரும்பத் திரும்பத் தெளித்தோம். பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் புரிந்ததும் சுடலைவடிவு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தான் தப்பாத் தட்டிட்டனோ? படிக்காதவதான நான்” என்றாள்.

“இல்லக்கா. நீங்க சரியாத்தான் தட்டுனீக. படம் பண்ணுனவ நான். தப்பு என்னோடது” என்றாள் வேணி.

என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஏழு வருடச் சண்டையில் அவள் திட்டியதெல்லாம் சேர்ந்தாலும் அப்படி உறைத்திருக்காது.

“நாந்தாம்மா ரெண்டு படத்த ஒண்ணாப் போடச் சொன்னேன். இந்தப் பிள்ள வேண்டாம் வேண்டாம்னு மூணு தடவ சொல்லுச்சு” என்றேன்.

சுடலைவடிவு என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். “இந்த வெரலுக்கு எல்லாம் சரியாத்தான் ஐயா இருக்கும்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பத்தாம் நாள் அந்தப் பட்டையில் பாதி வெளுத்துக் கருகியது. மற்றப் பயிர் தப்பித்துவிட்டது. கருகிய பட்டையை வேணி படம் பிடித்து, தை இதழின் முதல் பக்கமாக வைத்தாள். ஒரே படம். திரையில் எந்த மூலையைத் தொட்டாலும் பேசும். பேசுகிற குரல் என்னுடையது. நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்று பெயரும் சொல்லியிருந்தேன்.

இதழை அனுப்புவதற்கு முன் முக்கூடலுக்குக் கொண்டுபோனோம். சுடலைவடிவு பெருவிரலைப் படுக்கவைத்து அழுத்தினாள். வயலில் என் குரல் கேட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினாள். பிறகு இன்னொரு தடவை. வேணி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வரப்பில் நின்று மூன்று தடவையும் கேட்டேன்.